ஓக்லாவில் ஒரு நடுகல்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக அவ்வழக்கத்தின் படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களைப் படிப்போர்க்கு அவற்றின் வாசகம் எத்துணைச் சுருக்கமானது என்பது விளங்கும். எந்த மன்னனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, வீழ்ந்தவன் பெயர் யாது, எச்செயலின்போது வீழ்ந்தான் என்பனவே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். ஊருக்காக ஒருவன் உயிர் கொடுத்தான். ஊர் அவனை மறக்கலாகாது. அக்கல்லின் பொருள் அவ்வளவே.

தலைநகர் தில்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு அத்தகைய கல் ஒன்று மிக அண்மையிலேயே இருக்கிறது. ஓக்லாவில், ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இடுகாட்டில் அது நிற்கிறது. அதனடியில் துயில்பவர் பிரிகேடியர் முகம்மது உஸ்மான். 1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3 ஆம் நாள், தம் முப்பத்தாறாம் பிறந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, ஜம்முப் பகுதியில் ஜங்கர் என்னும் இடத்தில் பீரங்கிக் குண்டுக்கு இரையானவர் அவர். அப்போரில் உயிர் நீத்த இந்திய அதிகாரிகளுள் மிக உயர்ந்த பதவியில் இருந்தவரும் அவரே. அவருடைய வீரத்தைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. அவ்வீரத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்திருந்த அவருடைய சமய நம்பிக்கையைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். ஆண்டு விழா மலரின் இப்பக்கங்களில் அவ்விரண்டையும் சேர்த்து நினைவுகூர விழைகிறோம்.

இளமையும் படைப்பணியும்

உஸ்மான் 1912 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள், பழைய ஆசம்கட் மாவட்டத்துப் பீபிப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் முகம்மது பாரூக் காவல் துறையில் பணியாற்றியவர். காசி மாநகரில் கோத்வாலாக இருந்தவர். கங்கைக் கரையில், கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒருங்கே ஒலிக்கும் நகரில் உஸ்மானின் இளமை கழிந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, கிணற்றில் விழுந்த குழந்தையொன்றைக் காப்பாற்றத் தாமும் கிணற்றில் குதித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது என்பதும் அவர்கள் தரும் செய்தியே.

அக்காலத்தில் இந்திய இளைஞர் ஒருவர் இராணுவ அதிகாரியாவது எளிதன்று. இங்கிலாந்தின் சாந்தர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் மிகச் சில. டேராடூனில் இந்திய இராணுவக் கல்விக்கூடம் 1932 இல் திறக்கப்பட்டதும், சாந்தர்ஸ்டுக்கு இந்தியரை அனுப்பும் வழக்கம் முடிவுற்றது. அங்குப் பயின்ற இந்தியரின் கடைசி அணியில் உஸ்மான் இடம் பெற்றார். 1934 இல் பயிற்சி முடித்து, 1935 இல் பத்தாம் பலூச் படைப்பிரிவின் ஐந்தாம் பட்டாளத்தில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் பணி புரிந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையைக் கண்டார். போர் முடியுங்கால் தம் படைப்பிரிவின் பட்டாளம் ஒன்றுக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

பிரிவினை எழுப்பிய வினா

1947 ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. உடனே பிளவும் உற்றது. நிலத்தைப் பிரித்தது போலவே படையையும் பிரித்தனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு என்பது கணக்கு. பீரங்கிகளையும் வண்டிகளையும் எண்ணிப் பிரித்து விடலாம். மனிதரைப் பிரிப்பது எவ்வாறு? பலூச் படைப்பிரிவு முழுவதும் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் பன்னிரண்டு ஆண்டு பணி செய்த முஸ்லிம் அதிகாரியாகிய உஸ்மானும் அங்கேயே செல்வார் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர்.

உஸ்மான் செல்லவில்லை. பிறந்த மண்ணே தம் நாடு என்று இந்தியாவைத் தெரிந்தெடுத்தார். அங்குள்ள தலைவர்கள் அவரை அழைத்தனர் என்றும், விரைந்த பதவி உயர்வுகளைக் காட்டி வற்புறுத்தினர் என்றும், அவர் இசையவில்லை என்றும் கூறுவர். தாம் வளர்ந்த படைப்பிரிவை விட்டு, டோக்ரா படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

இம்முடிவின் அருமையை அந்நாளைய தில்லியோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1947 செப்டம்பரில் இந்நகரின் தெருக்களில் குருதி ஓடியது. புராணா கிலாவும் உமாயூன் கல்லறையும் அடைக்கலம் தேடிய முஸ்லிம்களின் முகாம்களாயின. மேற்குப் பஞ்சாபிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் கிங்ஸ்வே முகாமில் நிறைந்திருந்தனர். இரு புறத்தும் வேரறுந்த மக்கள். அந்நேரத்தில், தன் சமயத்தார் பெரும்பான்மையாக உள்ள நாட்டுக்குச் செல்லும் வழி திறந்திருக்கவும், ஒருவர் இங்கேயே நிற்கத் துணிகிறார் என்றால் அது கணக்குப் பார்த்துச் செய்த செயலாக இருக்க முடியாது. அச்சத்தை வென்ற நம்பிக்கையிலிருந்தே அது பிறந்திருத்தல் வேண்டும்.

தரையிற் படுத்த தலைவன்

1947 அக்டோபர் 22 ஆம் நாள் எல்லைப்புறப் பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் புகுந்தனர். 26 ஆம் நாள் மகாராஜா அரிசிங் இந்தியாவோடு இணையும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே இந்தியப் படை விமானமூலம் ஸ்ரீநகரில் இறங்கியது. பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்டது. எனினும் தெற்கே ஜம்மு மாகாணத்தின் மேற்கு விளிம்பில் நிலைமை மோசமாகிக் கொண்டே வந்தது. நவம்பர் 25 இல் மீர்ப்பூர் வீழ்ந்தது. டிசம்பர் 24 இல் ஜங்கர் பறிபோயிற்று.

ஜங்கர் பெரிய ஊரன்று. ஆயினும் மீர்ப்பூரிலிருந்து வரும் சாலையும் கோட்லியிலிருந்து வரும் சாலையும் கூடும் இடம் அது. அதனைப் பிடித்திருப்பவன் கிழக்கே நவுஷேராவை நோக்கி எந்நேரமும் பாயலாம். அந்த நவுஷேராவில்தான் 50 ஆவது பாராசூட் பிரிகேட் நின்றது. அதன் தலைமைப் பொறுப்பு உஸ்மானிடம் வந்திருந்தது. ஜங்கரின் இழப்பு அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதனை மீட்கும் வரையில் கட்டிலில் படுப்பதில்லை, தரையில்தான் படுப்பேன் என்று அவர் சூளுரைத்தார். வடபுலத்து மலைக்குளிரில், மார்கழி தை மாதங்களில், பிரிகேட் தலைவர் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

புறப்பொருள் பயின்ற தமிழர்க்கு இச்செய்தி அயலானதன்று. பகைவரை வெல்லேனாயின் இன்னது ஆகுக என்று மன்னரும் மறவரும் கூறும் உறுதிமொழியை நம் முன்னோர் வஞ்சினம் என்றனர். சொல்லியபடி செய்து முடிப்பதிலேதான் வஞ்சினத்தின் மாண்பு இருக்கிறது.

கோட்டும் நவுஷேராவும்

1948 சனவரியில் மேற்குப் படைத்துறையின் தலைமையை ஏற்ற லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா நவுஷேராவுக்கு வந்தார். ஊருக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் கோட் என்னும் மேட்டுநிலம் பகைவர் கையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நவுஷேரா முழுவதும் உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெரியும். அந்தக் கோட்டைத் தமக்கு அன்பளிப்பாகத் தர வேண்டும் என்று கரியப்பா கேட்டார். உஸ்மான் இசைந்தார். கரியப்பாவை நண்பர்கள் அழைக்கும் செல்லப் பெயர் கிப்பர். அப்பெயரையே உஸ்மான் அந்த நடவடிக்கைக்குச் சூட்டினார். பிப்ரவரி முதல் நாள் கோட் கைப்பற்றப்பட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், சனவரி 30 ஆம் நாள், தில்லியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 13 ஆம் நாள் முதல் 18 ஆம் நாள் வரை, இந்நகரில் இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் அச்சமின்றி வாழ வேண்டும் என்பதற்காக அவர் உண்ணாநோன்பு இருந்தார். மெஹ்ரௌலியில் உள்ள குத்புதீன் தர்காவில் ஆண்டு விழா வழக்கம்போல் நடைபெற வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. ஒருவர் தில்லியில் உண்ணாது கிடந்து காக்க முயன்ற அறத்தை, மற்றொருவர் நவுஷேராவில் படைக்கலம் ஏந்திக் காத்து நின்றார். வழிகள் வேறு, இருவரும் நம்பிய இந்தியா ஒன்றே.

பிப்ரவரி 6 ஆம் நாள் விடியற்காலையில் நவுஷேரா மீது பெருந்தாக்குதல் தொடங்கியது. தாக்க வந்தோர் தொகை ஏறத்தாழ 11,000 எனக் கணித்தனர். தைன்தார் மேட்டில் இருந்த காவல் நிலையின் முன்னணியில், முதலாம் ராஜ்புத் பட்டாளத்து நாயக் ஜதுநாத் சிங் ஒன்பது பேருடன் நின்றார். அலையலையாக வந்த பகைவரை அவர் எதிர்த்தார். உடனிருந்தோர் அனைவரும் வீழ்ந்தோ காயமுற்றோ போன பின்னும், தன்னந்தனியராய் முன்னேறிச் சென்று சுட்டு வீழ்ந்தார். அவருக்குப் பின்னர் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அன்றைய போரில் நம் தரப்பில் 33 பேர் மாண்டனர். 102 பேர் காயமுற்றனர். பகைவர் இழப்பு அதனினும் பன்மடங்கு. நவுஷேரா காப்பாற்றப்பட்டது. அன்று முதல் உஸ்மானை நாடு ‘நவுஷேராச் சிங்கம்’ என்று அழைத்தது.

எதிர்த்தரப்பினர் அவர் தலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் விலை வைத்தனர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அக்காலத்தில் அது பெருந்தொகை. தம்பியே தன் தலைக்கு விலை கூறக் காட்டில் மறைந்து வாழ்ந்த குமண வள்ளலின் கதை தமிழ்ச் சிறார்க்கும் தெரிந்தது. உஸ்மானின் நிலையும் ஏறத்தாழ அதுவே. எதிரே நின்ற அதிகாரிகளுள் பலர் அவரோடு ஒரே உணவுக்கூடத்தில் உண்டவர். ஒரே படைப்பிரிவின் கொடிக்கீழ் நின்றவர். நேற்றைய உடன்பிறப்பே இன்றைய பகையாக நிற்பது பிரிவினையின் துயரங்களுள் கொடியது.

செவ்வாய்க்கிழமைப் பட்டினி

நவுஷேராவில் படைவீரர் மட்டும் இருக்கவில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஓடி வந்த அகதிகளும் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு உணவு பற்றவில்லை. உஸ்மான் ஓர் ஏற்பாடு செய்தார். செவ்வாய்க்கிழமைதோறும் தம் படையினர் உணவைத் துறப்பது, அதனால் மிஞ்சும் பங்கீட்டுப் பொருளை அம்மக்களுக்கு அளிப்பது என்பதே அது. போர்முனையில் நிற்கும் வீரனைப் பட்டினி கிடக்கச் சொல்ல எந்தத் தலைவனும் எளிதில் துணியான். தானும் கிடப்பவன் சொன்னால்தான் அச்சொல் எடுபடும். 1965 இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டியபோது, திங்கள் மாலையில் நம் காலனி வீடுகளிலும் அடுப்பு எரியாதிருந்ததை முதியோர் நினைவில் வைத்திருப்பர். அதற்குப் பதினேழு ஆண்டு முன்னரே எல்லைப்புறத்தில் ஒரு படைத்தலைவர் அதனைச் செய்து காட்டினார்.

பெற்றோரை இழந்த சிறுவர் பலர் ஊரில் திரிந்து கொண்டிருந்தனர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான அவர்களை ஒன்றுசேர்த்துச் சிறுவர் படை ஒன்று அமைத்தார் உஸ்மான். ‘பாலக் சேனா’ என்பது அதன் பெயர். அவர்களுக்கு உணவும் பயிற்சியும் கிடைத்தன. நவுஷேராப் போரின்போது காவல்நிலைகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் பணியையும் அவர்கள் செய்தனர். அவர்களுள் மூவருக்குப் பிரதமர் நேரு பொற்கடிகாரம் பரிசளித்தார்.

உஸ்மான் மணம் செய்து கொள்ளவில்லை. மதுவைத் தொடாதவர். அதிகாரிகளின் மாலை நேரக் கூட்டங்களில் மது தவிராத இடம்பெற்றிருந்த அந்நாளில் இது அரிய ஒழுக்கமே. தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டார்.

ஜங்கர் மீட்பு

மார்ச்சு மாதம் ஜங்கரை நோக்கிப் படை நகர்ந்தது. 50 ஆவது பாராசூட் பிரிகேடும் 19 ஆவது காலாட்படை பிரிகேடும் இணைந்து சென்றன. புறப்படுமுன் உஸ்மான் தம் வீரர்களுக்கு விடுத்த ஆணையில், ஆங்கிலக் கவிஞர் மெக்காலே உரோமானிய வீரன் ஹொரேஷியஸைப் பற்றிப் பாடிய பாட்டின் அடிகள் சிலவற்றைச் சேர்த்திருந்தார். தந்தையரின் சாம்பலுக்காகவும் தெய்வங்களின் கோயில்களுக்காகவும் பெரும்பகையை எதிர்த்து நின்று இறப்பதினும் சிறந்த இறப்பு ஏது என்பது அவ்வடிகளின் கருத்து. ஈண்டு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஓரிறைக் கொள்கையில் ஊறிய ஒருவர், தம் வீரர்களுக்கு அவரவர் முன்னோரையும் அவரவர் கோயிலையும் நினைவூட்டுகிறார். அவர் படையில் மராட்டியரும் ராஜபுத்திரரும் பிறரும் இருந்தனர். அவர்கள் எதனைப் போற்றினரோ அதனைத் தாமும் மதித்தார். தம் நம்பிக்கையில் உறுதியாக இருப்பவனுக்குப் பிறர் நம்பிக்கையை மதிப்பதில் அச்சம் இருப்பதில்லை.

மழை படையின் நடையைத் தடுத்தது. கண்ணிவெடிகளும் சாலைத் தடைகளும் குறுக்கிட்டன. எனினும் மார்ச்சு 18 ஆம் நாள் ஜங்கர் மீட்கப்பட்டது. வஞ்சினம் நிறைவேறியது. இனிக் கட்டிலில் படுக்கலாம். ஆனால் பிரிகேட் தலைமையகத்தில் கட்டிலே இல்லை! அருகிலிருந்த சிற்றூரிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொணர்ந்து போட்டனர். ஏறத்தாழ மூன்று மாதத்துக்குப் பின் அன்றிரவு உஸ்மான் கட்டிலில் உறங்கினார்.

அவ்வுறக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஜங்கரை இழந்த பகைவர் மே மாதத்தில் மீண்டும் மீண்டும் தாக்கினர். ஒவ்வொரு முறையும் திருப்பியடிக்கப்பட்டனர். ஜூலை 3 ஆம் நாள் மாலை, ஜங்கரில் உஸ்மான் இருந்த இடத்தின் மீது பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. அவற்றுள் ஒன்று அவர் அருகே வெடித்தது. மீட்ட மண்ணிலேயே அவர் உயிர் பிரிந்தது.

தில்லியின் இறுதி வணக்கம்

அவருடைய உடல் தில்லிக்குக் கொண்டு வரப்பட்டது. அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. பிரதமர் நேருவும் அமைச்சர்களும் வந்து நின்றனர். அந்நாளில் நாட்டின் கவர்னர்-ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. இவ்விறுதிச் சடங்கில் மௌண்ட்பேட்டன் பிரபு கலந்து கொண்டார் என்று எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. ஜூன் 21 ஆம் நாளே மௌண்ட்பேட்டன் பொறுப்பை ராஜாஜியிடம் ஒப்படைத்து இந்தியாவை விட்டுப் புறப்பட்டு விட்டார். ஆகவே, விடுதலை இந்தியாவின் தலைமைப் பீடத்தில் தமிழர் ஒருவர் அமர்ந்து இரு வாரம் நிறைவதற்குள் நேர்ந்த பேரிழப்பு இது.

உஸ்மானுக்குப் பின்னர் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரை அடக்கம் செய்யத் தேர்ந்த இடம் ஜாமியா மில்லியா. அவ்விடத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு அதன் பொருத்தம் புலனாகும். ஒத்துழையாமை இயக்கத்தின் அலையில், அயலாட்சியின் உதவி வேண்டாத தேசியக் கல்விக்கூடமாக 1920 அக்டோபர் 29 ஆம் நாள் அலிகாரில் தோன்றியது ஜாமியா. 1925 இல் தில்லிக்கு வந்தது. 1935 இல் ஓக்லாவில் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. டாக்டர் அன்சாரியும் டாக்டர் ஜாகிர் உசேனும் அதனைப் பேணி வளர்த்தவர்கள். நல்ல முஸ்லிமாக இருப்பதும் நல்ல இந்தியனாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதே அந்நிறுவனத்தின் உயிர்க்கொள்கை. அக்கொள்கையை ஆசிரியர்கள் வகுப்பறையில் சொன்னார்கள். உஸ்மான் போர்க்களத்தில் மெய்ப்பித்தார். அம்மண்ணிலேயே அவர் உறங்குவதினும் தகுந்தது வேறு இல்லை.

சமயமும் நாட்டுப்பற்றும்

உஸ்மானைப் பாராட்டுவோர் சிலர், முஸ்லிமாக இருந்தும் இந்தியாவுக்காக உயிர் கொடுத்தார் என்பர். பாராட்டும் நோக்கம் நல்லதே. ஆயினும் ‘இருந்தும்’ என்னும் அந்த ஒரு சொல்லில் பிழை இருக்கிறது. ஜதுநாத் சிங்கை நாம் அவ்வாறு சொல்வதில்லை. ஒருவருடைய நாட்டுப்பற்று இயல்பானது, மற்றொருவருடையது வியப்புக்குரியது என்று கொள்வது, இறந்தவனின் நடுகல் முன் நின்று அவனைச் சோதிப்பது போலாகும்.

அவர் வாழ்வை உற்று நோக்கினால் சமயம் அவருக்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. துணையாக இருந்ததாகவே தெரிகிறது. இஸ்லாம் தன் மக்களுக்கு விதித்த ஐம்பெருங் கடமைகளுள் நோன்பும் உண்டு, ஈகையும் உண்டு. நவுஷேராவின் செவ்வாய்க்கிழமைப் பட்டினியில் நோன்பைக் காண்கிறோம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்த ஊதியத்தில் ஈகையைக் காண்கிறோம். மதுவைத் தொடாத ஒழுக்கத்தில் சமயக் கட்டளையைக் காண்கிறோம். கொடுத்த வாக்கைக் காப்பது எல்லாச் சமயத்துக்கும் பொது. தரையிற் படுத்த இரவுகளில் அதனைக் காண்கிறோம். அகதிக் குழந்தைகளுள் இந்து யார், சீக்கியர் யார், முஸ்லிம் யார் என்று அவர் கணக்கெடுக்கவில்லை. பசித்தவனுக்கு உணவிடு என்று எந்த நம்பிக்கை கற்பித்ததோ அதே நம்பிக்கை, பிறந்த மண்ணைக் கைவிடாதே என்றும் அவருக்குக் கற்பித்திருத்தல் வேண்டும்.

அவருக்குப் பின்னும் அவ்வழி தூர்ந்து போகவில்லை. 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில், ஜீப் வண்டியில் பொருத்திய பின்னுதைப்பில்லாப் பீரங்கியைக் கொண்டு பாட்டன் டாங்கிகளை எதிர்த்து வீழ்ந்த அவில்தார் அப்துல் அமீது, உஸ்மான் பிறந்த ஆசம்கட்டுக்கு அண்டை மாவட்டமான காஜிப்பூரைச் சேர்ந்தவர். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் திருத்தணியிற் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். நாட்டின் வரலாற்றில் இத்தகைய இழைகள் பல. வடக்கும் தெற்கும், இச்சமயமும் அச்சமயமும் ஒன்றையொன்று பின்னியே இத்துணி நெய்யப்பட்டிருக்கிறது.

பிறமொழி நிலத்தில் வீடு அமைத்துக் கொண்ட நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. ‘நீ எவ்விடத்தான்?’ என்னும் வினா காலனியில் குடியேறிய ஒவ்வொரு தமிழனையும் ஒருநாளேனும் எதிர்கொண்டிருக்கும். மொழியை வைத்து ஒருவனை அயலான் எனக் கொள்வதும், சமயத்தை வைத்து அயலான் எனக் கொள்வதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். வீட்டில் தமிழ் பேசி, பொங்கலும் கார்த்திகையும் கொண்டாடி, அதே வேளையில் இந்நகரின் குடிமக்களாய் உழைத்து வாழ்வதில் எந்த முரணும் இல்லை என்பதை நாம் வாழ்ந்தே அறிவோம். அவ்வறிவு உஸ்மானின் வாழ்வை விளங்கிக் கொள்ள நமக்குப் பிறரினும் எளிதாக உதவும்.

நம் கடன்

ஜங்கரில் அவர் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. படையினர் அவரை மறக்கவில்லை. 2012 இல் அவர் பிறந்த நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. ஆனால் 2020 டிசம்பரில் ஓக்லாவில் உள்ள அவர் கல்லறை சிதைந்து கிடப்பதாகச் செய்தி வெளிவந்தது. இராணுவம் முன்வந்து அதனைச் செப்பனிட்டது. கல் உடைந்தால் மீண்டும் நட்டு விடலாம். நினைவு உடைந்தால் எந்தப் படைப்பிரிவு வந்து அதனைச் செப்பனிடும்? மக்களின் நினைவை மக்களே காத்தல் வேண்டும். அவர் காலத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மறைந்து விட்டனர். அவருக்கென வழிவந்த பிள்ளைகளும் இல்லை. எனவே, அவர் காத்த நாட்டின் பிள்ளைகளே அவருக்குப் பிள்ளைகள்.

தில்லிக்கு வரும் உறவினரைச் செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் உத்தரசுவாமி மலைக் கோயிலுக்கும் அழைத்துச் செல்வது நம் வழக்கம். இனி ஜூலை 3 ஆம் நாளை ஒட்டிய ஞாயிறு ஒன்றில் பிள்ளைகளோடு ஓக்லாவுக்கும் சென்று வரலாம். மெட்ரோ இரயில் அப்பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய நிலையத்திலேயே நிற்கிறது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கைந்நிறையப் பூவும், சற்றுநேர மௌனமும் போதும். அவர் யார், எதற்காகத் தரையில் படுத்தார், செவ்வாய்க்கிழமையில் ஏன் உண்ணாதிருந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னால், நம் முன்னோர் வகுத்த படிகளுள் இறுதியானதாகிய வாழ்த்துதல் நிறைவெய்தும்.

வாழ்க பிரிகேடியர் உஸ்மான் புகழ்! வளர்க அவர் நம்பிய ஒருமைப்பாடு!